டீசல் குடித்த மெத்தை

மச்சாளின் மூக்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். தான் கல்யாணம் செய்யவில்லை. கரம்பொனில் தகப்பன் விட்டுப்போன வீட்டில் இருந்துகொண்டு, புகையிலைத் தோட்டத்தையும் பனங்காணியையும் தானே நின்று பார்த்தார். அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒன்றும் கருகவும் முடியாது, புளிக்கவும் முடியாது. தோட்டத்தால் வந்து படலையைத் திறக்கும்போதே, "வெந்தயம் கருகிப்போச்சு" என்பார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் தாச்சியில் வெந்தயம் அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருக்கும். வெற்றிலையும் புகையிலையும் ஓயாமல் போடுகிற வாய். அப்படியிருந்தும் அந்த மூக்குக்கு ஒரு குறையும் வரவில்லை.

நான் சுருவிலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடித்து இரண்டு வருடம் அந்தக் கரம்பொன் வீட்டில் இருந்தேன். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் என் அப்பா செத்துப்போனார். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து நான் திரும்பி வந்த அன்று மச்சாள் என்னை வாசலிலேயே நிறுத்தி, கிணற்றடிக்குப் போய் முழுகிவிட்டு வரச் சொன்னார். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். முழுகி, வேறு சேலை உடுத்துக்கொண்டு வந்தேன். துக்கம் விசாரிக்க வந்த அயல் பெண்கள் நாலைந்து பேர் முற்றத்தில் இருந்தார்கள். மச்சாள் என் பக்கம் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் மணக்குது. செத்தவீட்டு மணம் உம்மட தலைமயிரில அப்பிடியே கிடக்குது. திரும்பப் போய் முழுகிப்போட்டு வாரும்."

திரும்பப் போனேன். கிணற்றுக் கட்டில் குந்திக் கொஞ்ச நேரம் அழுதேன். முழுகவில்லை. அந்தப் பக்கத்து வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வெளியே வந்து, ஈரத் தலையோடு சுருவிலுக்கு நடந்தேன். இரண்டு நாள் கழித்து என் கணவர் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். எனக்குச் சீதனமாய் வந்த வீட்டில் நாங்கள் தனியே இருக்கத் தொடங்கினோம். அவர் கிழமைக்கு இரண்டு தரம் அக்காவைப் போய்ப் பார்ப்பார். நான் போகவில்லை. அப்படியே ஆறு வருடம் போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் ஒரு பிறந்தநாளோ காதுகுத்தோ வந்து எங்களைச் சேர்த்து வைத்திருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் என் கணவர் கரம்பொனிலிருந்து வந்து, சாப்பிடாமல் குசினி வாசலில் இருந்தார்.

"அக்காவுக்கு மேல்வாயில ஒரு கட்டியாம். யாழ்ப்பாணத்தில பாத்தவை. கொழும்புக்குக் கொண்டுபோகட்டாம்."

என்ன கட்டி என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது.

முதல் தரம் ரயிலில்தான் கொண்டுபோனார். அவரும் மச்சாளுமாகப் போனார்கள். அங்கே பெரியாஸ்பத்திரியில் பரிசோதித்து, மாதத்துக்கு ஒரு தரம் வந்து ஒரு கிழமை தங்கிக் கரண்டு பிடிக்க வேண்டும் என்றார்களாம். கதிர் பாய்ச்சுகிற வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். திரும்பி வரும்போது ரயிலில் சனம் நெருக்கியடித்ததில் மச்சாள் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் இருக்க அவரால் முடியவில்லை. இனி படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

என் கணவரிடம் ஒரு பழைய டீசல் வான் இருந்தது. கல்யாண வீடு, செத்த வீடு என்று ஹயருக்கு ஓடுவார். நயினாதீவுத் திருவிழா நாட்களில் புங்குடுதீவுக் கரையில் வள்ளம் ஏறுகிற சனத்தைக் கொண்டுபோய் இறக்குவார். எங்கள் சீவியம் அதில்தான் ஓடியது. அவர் அந்த வானின் பின் சீற்றுகளைக் கழற்றி மாமரத்தடியில் வைத்துவிட்டு, தளத்தில் சணல் சாக்கு விரித்து, அதற்கு மேல் பலகை அடித்தார். பக்கச் சுவரில் துவாயும் தண்ணீர்ப் போத்தலும் தொங்கவிடக் கொளுக்கி வைத்தார். யன்னலுக்கு என் பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டேன். படுக்கைக்குப் புதுப்பாய் போடலாம் என்றார். மச்சாள் விடவில்லை. தன் இலவம் பஞ்சு மெத்தைதான் வேண்டும், வேறொன்றில் தனக்கு நித்திரை வராது என்று சொல்லி அனுப்பினார்.

"பொம்பிளை ஒராள் கூட வரோணும்," என்றார் என் கணவர், என் முகத்தைப் பாராமல். "நான் ஒருத்தரையும் கேக்கேல்லை."

நான் போகிறேன் என்றேன். பாசத்தால் அல்ல. அவர் தனியே அந்த வானை ஓட்டிக்கொண்டு, தனியே அக்காவுக்குச் சத்தி எடுக்கப் பேசின் கோப்பையும் பிடித்துக்கொண்டு அலைவதை நினைக்க முடியவில்லை.

ஆறு வருடத்தின் பின் மச்சாளைக் கண்டேன். வாசலில் கதிரையில் இருந்தார். கன்னம் உள்ளே போய், கழுத்து நீண்டு தெரிந்தது. என்னைக் கண்டதும், "வந்தனீரோ," என்றார். "ஓம்," என்றேன். நானும் என் கணவரும் இரு பக்கமும் பிடித்து அவரை மெத்தையில் படுக்க வைத்தோம். நான் முன் சீற்றில் ஏறிக்கொண்டேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. பண்ணைப் பாலத்தில் காற்று வந்தபோது அவர் திரையை விலக்கச் சொல்லிக் கடலைப் பார்த்தபடி வந்தார். முறிகண்டிக் கோயிலடியில் எல்லாரையும் போல நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. நான் பகலில் பக்கத்தில் இருப்பேன். கடைசி நாள், தெரிந்த வீடு ஒன்றில் அடுப்புக் கேட்டு நான் காய்ச்சிக் கொண்டுபோன கஞ்சியை வாயருகே பிடித்தேன். அவர் தலையைத் திருப்பி, அடுத்த கட்டில்காரிக்கும் கேட்க, "புகை மணக்குது. உமக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியேல்லை," என்றார்.

நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அடுத்த நாள் விடியத் திரும்பப் புறப்பட்டோம். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வழியில் பெற்றோல் செட்டுகளில் டீசல் இருக்குமோ இல்லையோ தெரியாது. என் கணவர் ஒரு கானில் டீசல் வாங்கிவந்து வானின் பின்கதவுக்குப் பக்கத்தில், மெத்தையின் கால்மாட்டில் வைத்தார். "மூடியை இறுக்கி, கயிறு போட்டுக் கட்டிவிடும். நான் ரயருக்குக் காத்துப் பாத்துப்போட்டு வாறன்," என்றார்.

நான் மூடியை வைத்து அரைச் சுற்றுச் சுற்றினேன். கயிறு முன் சீற்றுக்குக் கீழே கிடந்தது. குனிந்து எடுக்க மனம் வரவில்லை. முந்தின நாள் கஞ்சி எனக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மச்சாள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் ஏறினேன்.

வவுனியா தாண்டியபின் றோட்டு பள்ளமும் மேடுமாக இருந்தது. ஓரிடத்தில் மாடுகள் குறுக்கே வர, என் கணவர் பிறேக்கை மிதித்தார். பின்னால் ஏதோ விழுந்த சத்தம். மெத்தையில் ஏதும் அசைந்திருக்கும் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் மணம் முன்சீற்றுக்கு வந்தது. மச்சாள் ஓங்காளிக்கும் சத்தமும் வந்தது.

வானை மரத்தடியில் நிறுத்திக் கதவைத் திறந்தால், கான் சரிந்து கிடந்தது. மெத்தையின் கால் பக்கம் முழுக்க நனைந்து, பலகை இடுக்குகளால் டீசல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மச்சாளின் சேலைக் கரையும் தோய்ந்துவிட்டது. அவரை இறக்கிப் பாயில் படுக்க வைத்தோம். வயிற்றில் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் சத்தி வந்துகொண்டே இருந்தது. வாய் முழுக்கக் கரண்டு பிடித்த புண். ஒவ்வொரு தரமும் அவர் கண்ணால் தண்ணீர் வழிந்தது. நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூடி புரி தேஞ்சுபோச்சுது போல," என்று என் கணவர் கானைத் தூக்கித் திட்டினார். "இதை வித்தவனைச் சொல்லோணும்."

நான் வாய் திறக்கவில்லை.

மெத்தையைத் தலைகீழாகத் திருப்பி, நனைந்த பக்கத்தில் சாக்கைப் போட்டு, யன்னல் எல்லாம் திறந்துவிட்டு மிச்ச வழியைக் கடந்தோம். வீட்டுக்கு வந்து சேரும்போது மச்சாளுக்குக் குரல் இல்லை.

மறுநாள் காலையே நான் கரம்பொனுக்குப் போனேன். சுருவிலிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அடுத்த பயணத்துக்கு நாலு கிழமை இருந்தது. அதற்குள் அந்த மணத்தைப் போக்க வேண்டும். அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது.

முதலில் மெத்தையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். எங்கள் தீவுத் தண்ணீர் உவர். சவுக்காரம் நுரைக்காமல் தயிர்போலத் திரண்டு துணியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மேலால் ஓடிப்போனதே தவிர உள்ளே இறங்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு காணி தள்ளி இருந்தது. அங்கிருந்து குடம் குடமாகச் சுமந்து, கொதிக்கவைத்து, சவுக்காரத்தைச் சீவிக் கரைத்து ஊற்றினேன். நுரைத்தது. வெயிலில் போட்டேன். இரண்டு நாளில் துணி காய்ந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் டீசல் அங்கேயே இருந்தது.

சாம்பிராணிப் புகை போட்டால் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மெத்தையில் நெருப்புப் பிடித்துவிடுமோ என்று பயந்து பயந்து எட்ட நின்று புகை காட்டினேன். டீசல் மணத்தோடு சாம்பிராணி மணமும் சேர்ந்து, கோயிலுக்குள் லொறி நிற்பதுபோல ஆயிற்று. மச்சாள் உள்ளேயிருந்து, "அதைக் கொண்டுபோய் அங்கால வையும்!" என்று குரல் கொடுத்தார். திரும்பி வந்தபின் அவர் உரத்துப் பேசிய முதல் பேச்சு அது. பிறகு தேசிக்காய் பிழிந்து பூசினேன். கடைகளில் அப்பச்சோடா கிடைக்கவில்லை. ஊர்காவற்றுறையில் ஒரு பேக்கரிக்காரரிடம் கெஞ்சி ஒரு காகிதச் சரை வாங்கிவந்து தூவி வைத்தேன். மணம் ஏறிய தலகணியைக் கடற்கரை மணலில் புதைத்து எடுத்தேன். அதில் பாசி மணம் ஏறியதுதான் மிச்சம்.

நாலைந்து நாளில் என் மூக்கு எனக்கு உதவாமல் போய்விட்டது. நாள் முழுக்க அந்த மணத்துக்குள் நின்றால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. என் கணவரைக் கேட்டுப் பயனில்லை. இருபது வருடம் எஞ்சினுக்குள் கை வைத்த மனிசன். அவருக்கு டீசல் காற்றைப் போல. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்கலாம்தான். ஆனால் படுக்கப் போகிறவர் மச்சாள். அவருடைய மூக்கு சம்மதித்தால்தான் சரி. ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் மெத்தையை இழுத்துக்கொண்டு அவர் கட்டிலடிக்குப் போவேன்.

"மச்சாள், இப்ப எப்பிடி?"

அவர் மூச்சை இழுப்பார். "மணக்குது."

அவ்வளவுதான். நான் திரும்பிப் போவேன்.

பத்தாம் நாள் மெத்தையைப் பிரித்தேன். தையலை வெட்டி உள்ளே கைவிட்டபோதுதான் விளங்கியது. இலவம் பஞ்சு தண்ணீரை வாங்காது, எண்ணெயை விடாது. கால் பக்கத்துப் பஞ்சு முழுக்கக் கட்டி கட்டியாய், நான் அத்தனை குடம் ஊற்றியும் ஒரு துளி தண்ணீர் படாமல், டீசலைக் குடித்துவிட்டுக் கிடந்தது. அதை அள்ளிச் சாக்கில் கட்டித் தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தேன். நல்ல பஞ்சைப் பனையோலைப் பாயில் விரித்து, காற்றில் பறக்காமல் மேலே பழைய நுளம்பு வலை போட்டு, வெயிலில் காயவிட்டேன். உறையைத் தனியே அவித்துத் துவைத்தேன்.

அதற்குப் பிறகும் வானுக்குள் மணம். மெத்தையே இல்லாத வானுக்குள்! என் கணவர் பலகையைக் கழற்றினார். கீழே போட்டிருந்த சணல் சாக்கு கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தோம். பலகைகளைத் தச்சுப் பட்டறையில் வாங்கிய மரத்தூளால் மூடி வைத்தோம். மரத்தூள் ஊறியதும் கூட்டி எறிந்து, புதிதாய்ப் போடுவோம். பிறகு தவிடு. பிறகு அடுப்புச் சாம்பல். கடைசியில் சுண்ணாம்பு பூசி வெயிலில் அடுக்கி வைத்தோம்.

இந்த வேலைகளுக்கு நடுவே நான் மச்சாளுக்குக் கஞ்சி வைத்தேன், தலை வாரி இழுத்துவிட்டேன், உடுப்புத் துவைத்தேன். காலையில் வந்தால் பொழுதுபடத்தான் போவேன். அவர் கட்டிலில் கிடந்தபடி நான் முற்றத்தில் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தப் பக்கம் திருப்பிப் போடும்", "மழை இருட்டுது, பஞ்சை அள்ளும்" என்பார். ஒரு நாள், "உமக்குத் தடிமன் காய்ச்சல் வரப்போகுது, வெயிலுக்கால வாரும்," என்றார். என் மேல் அக்கறையாகப் பேசுகிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

புதுப்பஞ்சு கலந்து மெத்தையைத் திரும்பத் தைத்து முடித்தேன். பலகையும் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. மெத்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மணக்குது," என்றார் மச்சாள்.

எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல் திரும்ப உறையைக் கழற்றித் துவைத்தேன். அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும் அதே பதில்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, குசினியில் சோற்றை வைத்துவிட்டு நல்ல தண்ணீருக்குப் போனேன். கிணற்றடியில் கப்பிக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்க நேரம் போயிற்று. திரும்பி வரும்போது படலையடியிலேயே கருகல் மணம் அடித்தது. ஓடிவந்தேன். குசினி முழுக்கப் புகை. சோறு பானையோடு கரியாகிவிட்டது. மச்சாளின் அறை குசினிக்கு அடுத்த அறை. இடையில் கதவு திறந்துதான் இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டு, அமைதியாகப் படுத்திருந்தார்.

"மச்சாள்! சோறு கருகினது உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவர் திரும்பினார். என் கையில் இருந்த கரிப்பானையைப் பார்த்தார்.

நான் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். என் சேலைத் தலைப்பில் புகை நாற்றம். அதை அவர் மூக்கருகே பிடித்தேன். அவர் மூச்சை இழுத்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"எப்ப துவக்கம்?"

"வந்து ரெண்டாம் கிழமை. முதல்ல சாம்பிராணி மணம் போச்சுது. பிறகு வெத்திலை. பிறகு எல்லாம்." புண் வாயோடு மெதுவாகச் சொன்னார். "கரண்டு பிடிச்சா அப்பிடித்தானாம். அங்கை ஒருத்தி சொன்னவ."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் மணக்குது மணக்குது எண்டு சொன்னனீங்கள்?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண் ஓரத்தால் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

"மணம் போயிட்டுது எண்டு சொன்னா நீர் வரமாட்டீர்."

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பவும் முடியவில்லை. நான் அந்தக் கானைப் பற்றிச் சொன்னேன். மூடியை அரைச் சுற்றோடு விட்டது, கயிறு எடுக்கக் குனியாதது, கஞ்சியால் வந்த கோபம், எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் கானை விற்றவனைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

"தெரியும்," என்றார் மச்சாள். "நான் நித்திரை கொள்ளேல்லை. நீர் மூடினதைப் பாத்தனான்."

"பாத்தனீங்களோ? பிறகேன் சொல்லேல்லை?"

"கான் சரியட்டும், உம்மைப் பிழை பிடிக்கலாம் எண்டுதான் கிடந்தனான்." சற்றே மூச்சு வாங்கிவிட்டு, "சரிஞ்ச பிறகு எனக்குக் கதைக்க ஏலாமப் போச்சுது," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்தேன். எலும்பும் தோலுமான கை. அதற்கு முன் அந்தக் கையை நான் பிடித்ததேயில்லை. தாங்கி நடத்தியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அது வேறு. கிணற்றடியில் அன்று என்னைத் திரும்ப முழுகச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்கலாம். அன்று அதற்குத் துணிவு வரவில்லை. பிறகு அவருக்கு வாய் ஓடவில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, வானுக்குள் ஏற்றி, மெத்தையில் முகம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "வெயில் மணம்தான் இருக்கு, வேறை ஒண்டுமில்லை," என்றார். எத்தனை நாளாய் அப்படி இருந்ததோ தெரியாது. அன்று நான் சுருவிலுக்குப் போகவில்லை. என் கணவர் போய் வீட்டைப் பூட்டிவிட்டு என் உடுப்புகளைக் கொண்டுவந்தார்.

அடுத்த பயணத்தில் நான் முன் சீற்றில் ஏறவில்லை. பலகையில் மச்சாளின் தலைமாட்டில் இருந்து, அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு போனேன். கான் முன்பக்கம், என் கணவரின் காலடியில். மூடியை மூன்று தரம் இறுக்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இந்த முறை ஒரு கிழமை இருக்கவில்லை. இரண்டாம் நாளே டொக்டர் என் கணவரை வெளியே கூப்பிட்டார். அவர் திரும்பி வந்து, அக்காவுக்குக் கேட்கிற குரலில், "கட்டி கரைஞ்சிட்டுதாம், இனி வரத் தேவையில்லையாம்," என்றார். மச்சாள் தலையை ஆட்டினார். தம்பி பொய் சொன்னால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

திரும்பி வரும் வழியில் ஆனையிறவில் மட்டும், "கடலோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "மணக்குதோ?" என்றார். "ஓம் மச்சாள், உப்பு மணக்குது. கொஞ்சம் மீனும் மணக்குது," என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அது வழக்கமாயிற்று. நான் குசினியில் நின்றால் அறைக்குள்ளிருந்து, "என்ன மணம்?" என்று கேட்பார். "மல்லி வறுக்கிறன்." "கருகிப்போச்சோ?" "இல்லை, சிவக்குது." மழை பெய்தால் மண்ணைச் சொல்வேன். தோட்டத்தில் புகையிலை போட்டவர்கள் வந்து நின்றால் அவர்களில் வீசும் புகையிலை மணத்தைச் சொல்வேன். சாப்பிட அவரால் ஏலாது, தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கேட்டுக்கொண்டு கிடப்பார். கடைசி நாட்களில் வாய்க்குள் புண் அழுகி அந்த அறைக்குள் போக வருகிறவர்கள் மூக்கைச் சேலையால் மூடினார்கள். அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு நாள், "எனக்குக் கிட்ட வர உமக்கு ஏலுமோ?" என்று கேட்டார். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை மச்சாள்," என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது.

ஆடி மாதம் ஒரு காலையில், நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் போனார். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டுத் திரும்பினேன், மூச்சு இல்லை. என் கணவர் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் கழுவி முடிக்கும்வரை மச்சாளின் தலையைக் கோதிக்கொண்டு இருந்தேன்.

மெத்தையை வழக்கப்படி சுடலைக்கே கொண்டுபோனார்கள். மாமரத்தடிச் சீற்றுகள் மழையில் நனைந்து துணி இற்றுப்போயிருந்தன. அவற்றைத் திருத்திப் பூட்டி என் கணவர் திரும்ப ஹயருக்கு ஓட மாதக்கணக்காயிற்று. நாங்கள் சுருவில் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவருக்குக் கரம்பொன் வீட்டை விட்டு வர மனமில்லை, எனக்கும் இல்லை.

எனக்கு இப்போதும் உறுத்துவது டீசல் கான் அல்ல. பேசாமல் இருந்த ஆறு வருடத்தில் ஒரு நாள், பண்ணையால் வரும் பஸ்ஸில் ஏறினேன். சனம் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு சீற்றில் மச்சாள், மடியில் ஒரு பையோடு. என்னைக் கண்டார். பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, யன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். வேறொருத்தர் அதில் இருக்க வந்தபோது, "ஆள் இருக்கு," என்றார். நான் மற்றப் பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேலணை தாண்டி நான் இறங்கும்வரைக்கும் நின்றபடியே வந்தேன்.